ஒரு பாட்டில் சிபிடி எண்ணெய் ஒரு வேளைப் பல்வலிக்குக் காணுமா?

கேரளத்து இடுக்கி மலையில் குமுளி, வண்டன்மேடு, நெடுங்கண்டம் பக்கம் பல் வைத்தியம் பார்க்கிறவர்களுக்கு ஒன்று நன்றாகத் தெரியும். எல்லைக்குக் கீழே தேனி மாவட்டத்துக் கம்பத்திலிருந்தும் கூடலூரிலிருந்தும் விடியக்கருக்கலில் ஜீப் ஏறி ஏலத்தோட்டத்துக்கு வருகிறவர்கள் பல்வலி வந்ததும் டாக்டரிடம் ஓடிவர மாட்டார்கள். கிராம்பைக் கடித்துக்கொள்வார்கள், போயிலையை அதக்குவார்கள், மெடிக்கலில் சொல்லி இரண்டு மாத்திரை வாங்குவார்கள். ஆஸ்பத்திரிக்குப் போனால் ஒருநாள் கூலி போச்சே என்கிற கணக்குதான். அந்த வரிசையில் இப்போது புதிதாக ஒன்று சேர்ந்திருக்கிறது: பெங்களூரிலோ கொச்சியிலோ வேலை பார்க்கிற பேரன் ஆன்லைனில் வாங்கி அனுப்புகிற சிபிடி எண்ணெய்.

அப்படி ஒரு பாட்டிலை ஒரு அப்பத்தா இடுப்பு முந்தானையில் முடிந்து கொண்டுவந்திருந்தார். "பேரன் அனுப்பிவிட்ருக்கான் டாக்டரம்மா. பல்லுல ரெண்டு சொட்டு விட்டா வலி போயிருமாம். கஞ்சா எண்ணெய்ங்கிறாக. செக்போஸ்ட்ல பாத்தா என்னையப் பிடிச்சு வச்சுக்கிருவாகளோ?" விரல் நீளத்துக்கு ஒரு பழுப்புக் கண்ணாடிப் பாட்டில். மூடியோடு ரப்பர் குமிழ் வைத்த சொட்டுக்குழாய், லேபிளில் ஏழு விரல் விரித்த பச்சை இலை, அதன் கீழே 30 மி.லி., 1000 மி.கி. திறந்தால் பச்சைப் புல்லை அரைத்த வாடை.

இது கஞ்சாவா, இது வேலை செய்யுமா என்று அவர் கேட்டது இரண்டு கேள்வி. முதல் கேள்வியை முடித்துவிட்டால் இரண்டாவதற்கு நிதானமாகப் போகலாம்.

செடி ஒன்று, சரக்கு மூன்று

கஞ்சாச் செடியில் கன்னாபினாய்டு என்கிற வகைப் பொருட்கள் நூற்றுக்கும் மேலே இருக்கின்றன. அதில் இரண்டுதான் பிரபலம். ஒன்று டிஎச்சி, போதை ஏற்றுவது அதுதான். இன்னொன்று சிபிடி, முழுப்பெயர் கன்னாபிடியால். இது போதை தராது. 1940-இல் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் ரோஜர் ஆடம்ஸ் இதைத் தனியே பிரித்தெடுத்தார். அதன் வேதிக்கட்டமைப்பு என்ன என்று சரியாகச் சொன்னவர் இஸ்ரேலின் ரஃபேல் மெக்கோலம், அது 1963. அடுத்த ஆண்டே டிஎச்சியின் கட்டமைப்பையும் அவர் குழுதான் கண்டுபிடித்தது. ஆக இவை இரண்டும் ஒரே பூவின் பிசினில் ஊறி வருகிற அண்ணன் தம்பிகள், குணம்தான் வேறு.

மூன்றாவது சரக்கு விதை எண்ணெய். கஞ்சா விதையை எள்ளு மாதிரி ஆட்டி எடுப்பது. விதைக்குள் சிபிடியும் கிடையாது, டிஎச்சியும் கிடையாது. மேலே ஒட்டிக்கொண்டு வருகிற சொற்பம்தான். நல்ல கொழுப்பு உள்ள சமையல் பொருள், அவ்வளவே. இந்தியாவின் உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2021-இல் விதையையும் விதை எண்ணெயையும் உணவாக விற்க அனுமதித்தது. அப்படி விற்கிற பொருளில் சிபிடி ஒரு கிலோவுக்கு 75 மி.கி.க்கு மேல் இருக்கக் கூடாது என்று வரம்பும் போட்டது. கணக்குப் போட்டுப் பாருங்கள்: 30 மி.லி. பாட்டில் என்பது 28 கிராம் சொச்சம். அதில் அதிகபட்சம் 2 மி.கி. சிபிடி இருக்கலாம். ஆன்லைனில் 'ஹெம்ப் ஆயில்' என்று பச்சை இலை போட்டு விற்பதில் பல இந்த வகைதான். பல்வலிக்கு அதைத் தடவுவதும் நல்லெண்ணெய் தடவுவதும் ஒன்று.

அப்பத்தாவின் செக்போஸ்ட் பயத்தைச் சிரித்துத் தள்ள முடியாது. கம்பம்மெட்டிலும் குமுளியிலும் பை சோதனை எப்படி நடக்கும் என்று இந்தப் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் கஞ்சா என்று சொல்வது செடியின் பூவும் காயும் பிடித்த நுனியை. அந்த நுனி சேராத வெறும் இலையும் விதையும் அந்த வரையறைக்குள் வராது. பிரித்தெடுத்த பிசின் தனியாகக் குற்றம். இலையிலிருந்து எடுத்த சாறு 'விஜயா' என்ற பெயரில் ஆயுஷ் உரிமத்தோடு ஆயுர்வேத மருந்தாக வருகிறது. மருந்துச் சட்டத்தில் விஜயா இருப்பது நச்சுப் பொருட்களின் பட்டியலில். மருத்துவர் மேற்பார்வையில்தான் சாப்பிட வேண்டும் என்று லேபிளில் போட்டாக வேண்டும்.

சிக்கல் வெளிநாட்டுப் பாட்டிலில். அமெரிக்காவில் டிஎச்சி 0.3 சதவீதத்துக்குள் இருந்தால் அந்தச் செடி கஞ்சாக் கணக்கில் வராது, 'ஹெம்ப்' கணக்கில் சேர்ந்துவிடும்; 2018-இல் வந்த சட்டம் அது. அங்கே சிபிடி எண்ணெயைப் பெரும்பாலும் எடுப்பது பூவிலிருந்துதான். நம்முடைய 1985 சட்டத்தில் இந்த 0.3 கணக்கே இல்லை. அங்கே பெட்டிக்கடையில் கிடைப்பது இங்கே வழக்காகலாம். உள்ளூர் ஆயுஷ் உரிமம், மருத்துவர் சீட்டு, பில் இந்த மூன்றும் இல்லாத பாட்டிலை மலை ஏற்றாமல் இருப்பது நல்லது என்றுதான் நான் சொல்வேன்.

வலியோடு இதற்கு என்ன தொடர்பு

கன்னாபினாய்டு மாதிரியான பொருட்களை நம் உடம்பே சுரக்கிறது. அவை போய் ஒட்டுகிற இடங்களுக்கு சிபி1, சிபி2 என்று பெயர்; 1990-லும் 1993-லும் அடையாளம் கண்டார்கள். சிபி1 நரம்பில் அதிகம், சிபி2 நோய் எதிர்ப்பு அணுக்களில் அதிகம். டிஎச்சி நேராகப் போய் சிபி1-இல் உட்கார்ந்துகொள்கிறது, போதை அதனால்தான். சிபிடி இரண்டிலுமே சரியாக ஒட்டுவதில்லை. அது வேறு பல இடங்களைத் தொடுகிறது. அதில் ஒன்று, மிளகாயைக் கடித்தால் எரிகிறதே, அந்த எரிச்சலை உணர்கிற நரம்பு ஏற்பி. பல்லுக்குள் இருக்கிற நரம்பிலும் அந்த ஏற்பி உண்டு. வீக்கத்தைக் கிளப்புகிற சில ரசாயனங்களையும் சிபிடி அடக்குகிறது. எனவே பல்வலிக்கு இது உதவலாம் என்று நினைப்பதில் தப்பில்லை. நினைப்பதற்கும் நிரூபிப்பதற்கும் நடுவே எவ்வளவு தூரம் என்பதுதான் மீதிக் கதை.

ஏலக்காய் சலிக்கிறவர்களுக்கு இது சட்டென்று புரியும். 6 மி.மீ. சல்லடையில் நின்றதெல்லாம் 8 மி.மீ. சரக்காகிவிடாது, ஏலத்தில் விலையும் ஒன்றாகாது. மருந்துக்கும் சல்லடை உண்டு. கண்ணாடித் தட்டில் கிருமியைக் கொன்றது முதல் சல்லடை. எலிக்கு உதவியது இரண்டாவது. பல்வலியோடு வந்த மனிதர்களைச் சீட்டுக் குலுக்கிப் பிரித்து, யாருக்கு மருந்து, யாருக்கு வெறும் எண்ணெய் என்று கொடுப்பவருக்கும் தெரியாமல் கொடுத்துப் பார்த்து ஜெயித்தது மூன்றாவது. விளம்பரத்தில் மூன்றையும் ஒரே மூட்டையில் கட்டி விற்கிறார்கள்.

மூன்றாவது சல்லடையில் நின்ற ஆய்வு பல்வலிக்கு ஒன்று இருக்கிறது. மட்டமாகப் பேச முடியாத ஆய்வு. அமெரிக்காவில் கடுமையான பல்வலியோடு வந்த 61 பேரை வைத்துச் செய்தது. 'ஜர்னல் ஆஃப் டென்டல் ரிசர்ச்' இதழில் வந்தது. ஒரு பகுதியினருக்கு உடல் எடையில் கிலோவுக்கு 10 மி.கி. சிபிடி, இன்னொரு பகுதியினருக்குக் கிலோவுக்கு 20 மி.கி., மிச்சப் பேருக்கு மருந்தில்லாத திரவம். ஒரே ஒரு வேளை குடிக்க வைத்து மூன்று மணி நேரம் கவனித்தார்கள். சிபிடி குடித்த இரு பகுதியினருக்கும் வலி மதிப்பெண் 70 சதவீதத்துக்கும் மேலே இறங்கியது. வெறும் திரவம் குடித்தவர்களைவிடத் தெளிவான வித்தியாசம். வலிக்கிற பல்லால் கடிக்கிற பலமும் கூடியது. அசதியும் வயிற்றுவலியும் வயிற்றுப்போக்கும் சிபிடி குடித்தவர்களுக்குத்தான் அதிகம்.

இங்கேதான் பேரன் அனுப்பிய பாட்டிலை எடுத்துக் கணக்குப் பார்க்க வேண்டும். அறுபது கிலோ எடையுள்ள ஒருவருக்கு அந்த ஆய்வின் குறைந்த அளவே 600 மி.கி. அதிக அளவு 1200. லேபிளில் 1000 மி.கி. என்று போட்டிருப்பது 30 மி.லி. முழுவதுக்கும் சேர்த்து. அப்படியென்றால் ஒரு மி.லி.யில் 33 மி.கி.தான். ஒரு மி.லி.க்கு ஏறக்குறைய 20 சொட்டு. இரண்டு சொட்டு விட்டால் 3 மி.கி. சொச்சம் போகும். ஆய்வில் கொடுத்த குறைந்த அளவை எட்ட 18 மி.லி., அதாவது பாட்டிலில் பாதிக்கு மேலே, ஒரே மூச்சில் குடிக்க வேண்டும். அதிக அளவென்றால் முழுப் பாட்டிலும் போதாது. பாட்டிலின் விலையைப் பேரனிடம் கேட்டுப் பாருங்கள், அந்தக் காசுக்குப் பல்லையே சரிசெய்துவிடலாம் போலிருக்கும்.

இன்னொரு விஷயம், அந்த ஆய்வில் பல்லில் சொட்டு விடவில்லை. குடித்து, குடல் வழியாக ரத்தத்தில் ஏறி வேலை செய்தது. கொடுத்ததும் கடைச்சரக்கு கிடையாது. எபிடியோலெக்ஸ் என்கிற மருந்து. குழந்தைகளுக்கு வரும் இரண்டு அரிய, கடுமையான வலிப்பு நோய்களுக்காக அமெரிக்க மருந்து ஆணையம் 2018-இல் அனுமதித்தது. ஒரு மி.லி.யில் 100 மி.கி. என்று அளந்து தயாரிப்பது. "இரண்டு சொட்டு பல்லில் விட்டால் வலி போகும்" என்பதற்கு இந்த ஆய்வைச் சாட்சி கூப்பிட்டால் அது பொய்ச்சாட்சி.

லேபிளையாவது நம்பலாமா என்றால், 2017-இல் 'ஜாமா' இதழில் வந்த ஓர் ஆய்வு இருக்கிறது. ஆன்லைனில் விற்ற 84 சிபிடி பொருட்களை வாங்கிச் சோதித்தார்கள். லேபிளில் சொன்ன அளவு சரியாக இருந்தது 26-இல் மட்டும். 18-இல் டிஎச்சி இருந்தது. தெரியாமலே போதைப்பொருள் உள்ள பாட்டிலை முந்தானையில் முடிந்து செக்போஸ்ட்டைத் தாண்டுகிற நிலை யாருக்கும் வரலாம் என்பதற்காகச் சொல்கிறேன்.

ஈறு, புண், தாடை: மற்ற வாக்குறுதிகள்

தாடை மூட்டு வலிக்கு நம்பிக்கை தருகிற ஆய்வு போலந்தில் 2019-இல் வந்தது. இரவில் பல்லைக் கடிப்பவர்கள், மன அழுத்தத்தில் தாடையை இறுக்குபவர்கள், வாயைத் திறந்தால் காதோரம் 'கடக்' என்று சத்தம் வருபவர்கள், இவர்களுக்கெல்லாம் கன்னத் தசை கல் மாதிரி இறுகிக் கிடக்கும். அறுபது பேரை எடுத்து, பாதிப் பேருக்குச் சிபிடி கலந்த களிம்பையும் பாதிப் பேருக்கு வெறும் களிம்பையும் கன்னத்தின் வெளிப்பக்கம் தினம் இரண்டு வேளை தடவச் சொன்னார்கள். பதினான்கு நாளில் சிபிடி தடவியவர்களின் வலி 70 சதவீதம் குறைந்தது, மற்றவர்களுக்கு 10 சதவீதம். தசையின் இறுக்கமும் கருவியில் அளந்தபோது பத்துச் சதவீதத்துக்குச் சற்று மேலே தளர்ந்திருந்தது. சின்ன ஆய்வு, குறுகிய காலம். ஆனாலும் பல் மருத்துவத்தில் சிபிடிக்கு ஓர் இடம் கிடைக்குமென்றால் முதலில் இங்கேதான் கிடைக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. குடித்தால் ஈரலில் வருகிற தொந்தரவு (அதைப் பின்னால் சொல்கிறேன்) களிம்பாகத் தடவுவதால் பெரிதாக இருக்காது.

வாய்ப்புண்ணுக்குத் தாய்லாந்தில் சோதித்தார்கள். அடிக்கடி வந்து போகிற அந்த வெள்ளைப் புண்ணில் 0.1 சதவீத சிபிடி களிம்பைத் தடவியபோது, மருந்தில்லாத களிம்பைவிடப் புண் சீக்கிரம் சுருங்கியது. அதே ஆய்வில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டது ட்ரையம்சினோலோன் என்கிற ஸ்டீராய்டு களிம்பை. அது நம்மூர் மெடிக்கலில் டாக்டர் சீட்டுக்குக் கிடைப்பதுதான்.

ஈறு நோய்க்கு எலிதான் சாட்சி. 2009-இல் பிரேசிலில், எலியின் பல்லைச் சுற்றி நூல் கட்டி ஈறைப் பழுக்க வைத்து, சிபிடி ஊசி போட்டுப் பார்த்தார்கள். பல்லைத் தாங்கும் எலும்பு கரைவது குறைந்தது. மனிதருக்கு அப்படி எலும்பு காப்பாற்றப்பட்டதாகக் காட்டிய ஆய்வை நான் பார்த்ததில்லை. ஒன்று மட்டும் சொல்ல முடியும். பல்லின் வேரோரம் கல்லாகப் படிந்த காரையை எந்த எண்ணெயும் கரைக்காது. அதைச் சுரண்டித்தான் எடுக்க வேண்டும்.

பற்பசையும் வாய் கொப்பளிக்கும் நீரும் விற்கிறவர்கள் கையில் வைத்திருப்பது பெல்ஜியத்தில் 2020-இல் வந்த ஆய்வு. அறுபது பேரின் பல்லிலிருந்து அழுக்கை எடுத்துக் கண்ணாடித் தட்டில் தடவி, ஒரு பக்கம் பிரபல பற்பசை, ஒரு பக்கம் கன்னாபினாய்டு வைத்தார்கள். கன்னாபினாய்டு பக்கம் கிருமி குறைவாக முளைத்தது. செய்தவர்கள் அப்படிப்பட்ட பொருளைத் தயாரிக்கிற நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள். அது குற்றம் இல்லை, ஆனால் தெரிந்துகொள்ள வேண்டிய தகவல். கண்ணாடித் தட்டில் எச்சில் ஊறாது, சோறும் குழம்பும் வந்து போகாது, நாக்கு துழாவாது. தட்டில் கிருமியைக் கொன்ற எத்தனையோ பொருட்கள் வாய்க்குள் வந்ததும் பல்லிளித்திருக்கின்றன. சொத்தையைத் தடுக்கிறது என்று பல பத்தாண்டுகளாக மனிதரிடம் நிரூபித்திருப்பது ஃபுளோரைடு. 'இயற்கை' என்று பெயர் வாங்குவதற்காக அதை எடுத்துவிட்டுச் சிபிடியை உள்ளே போட்ட பற்பசையும் இருக்கிறது. காசு கொடுத்துச் சொத்தை வாங்குகிற வேலை அது.

பல் டாக்டர் என்றாலே நடுங்குபவர்களுக்குப் பயம் தெளிய உதவுமா என்றும் கேட்கிறார்கள். பிரேசிலில் 57 ஆண்களுக்கு 150, 300, 600 மி.கி. என்று கொடுத்து மேடையில் பேசுவது போலப் பேச வைத்தார்கள். 300 மி.கி. குடித்தவர்களுக்குத்தான் படபடப்பு குறைந்தது. 150-க்கும் பலன் இல்லை, 600-க்கும் பலன் இல்லை. கூடக் கூட நல்லது என்று இந்த மருந்தில் நினைத்துவிடக் கூடாது என்பதற்கு இது ஒன்று போதும்.

வெற்றிலை, பாக்கு, போயிலை போடுகிறவர்களுக்குக் கன்னத்தின் உள்பக்கம் வெள்ளைப் படலம் வருவதுண்டு. அதன் மேலே சிபிடி தடவிப் பார்க்கலாமா என்று கேட்டால் பதில் 'கூடாது' ஒன்றுதான். புற்றுநோய்க்கு முந்திய நிலையாக அது இருக்கலாம். என்ன செய்ய வேண்டும் என்பதற்குப் பதில் பக்கத்திலேயே கிடைத்திருக்கிறது. திருவனந்தபுரத்தில், 13 பஞ்சாயத்துகளை எடுத்துச் செய்த பெரிய ஆய்வு. 2005-இல் 'லான்செட்' இதழில் வந்தது. பயிற்சி பெற்ற களப்பணியாளர்கள் வீட்டுக்குப் போய், வாயைத் திறக்கச் சொல்லி வெளிச்சம் அடித்துப் பார்த்தார்கள். புகையிலை, மது பழக்கம் உள்ளவர்களிடம் வாய்ப்புற்றால் சாவது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. செலவு ஒரு டார்ச் லைட்.

அமெரிக்காவுக்கு ஏன் இந்த அவசரம்

அங்கே கடைவாய்ப்பல் பிடுங்கினால் அபின் வகை வலிமாத்திரை எழுதிக் கொடுப்பது நெடுநாள் வழக்கம். பதினெட்டு இருபது வயதுப் பிள்ளைகள் பல்லுக்கு வாங்கிய மாத்திரையில் தொடங்கி அடிமையானதும் உண்டு. அதனால் அபின் இல்லாத வலிமருந்தைத் தேடுகிறார்கள், சிபிடியும் அந்தத் தேடலில் வந்தது. நம் பக்கம் பல் டாக்டர்கள் அபின் வகையைச் சாதாரணமாகத் தொடுவதில்லை. ஐபுப்ரோஃபென், பாராசிட்டமால், அவசரத்துக்குக் கீட்டோரால் என்றுதான் ஓடுகிறது. அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கமே 2024-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், பெரியவர்களின் திடீர்ப் பல்வலிக்கு முதலில் கொடுக்க வேண்டியது ஐபுப்ரோஃபென் வகை, தனியாகவோ பாராசிட்டமாலோடு சேர்த்தோ என்றுதான் சொல்லியிருக்கிறது. அவர்கள் சுற்றி வந்து சேர்ந்த இடத்தில் நாம் முன்பே நிற்கிறோம். அவர்களுடைய பிரச்சினைக்குத் தேடிய மருந்தைக் கடன் வாங்க நமக்கு என்ன அவசரம்?

அவசரம் இருக்கிற ஆட்கள் இல்லாமலும் இல்லை. கிட்னி கெட்டவர்கள், குடல்புண் உள்ளவர்கள், ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள், இவர்களுக்கு ஐபுப்ரோஃபென் ஆகாது. வெறும் பாராசிட்டமால் சில வேளை பத்தாது. இவர்களுக்காகச் சிபிடியை ஆராய்வது நியாயம். ஆனால் அங்கேயும் ஒரு முள் இருக்கிறது. ஈரலில் மருந்துகளை உடைக்கிற நொதிகளைச் சிபிடி மந்தமாக்குகிறது. ரத்தம் உறையாமல் தடுக்கிற வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிறவர் சிபிடியும் எடுத்தால் வார்ஃபரின் உடம்பில் தேங்கி ரத்தம் இன்னும் இளகிப்போகும். அப்படி ஆனதை மருத்துவ இதழ்களில் பதிவு செய்திருக்கிறார்கள். இதய வால்வு மாற்றியவர்களுக்கு இங்கே அதிகம் எழுதுகிற அசிட்ரோமையும் ஈரலில் உடைப்பது அதே குடும்ப நொதிதான். பல்லைப் பிடுங்கிய குழியில் பஞ்சு வைத்து ஒரு மணி நேரம் கடித்தும் ரத்தம் நிற்காமல் உட்கார்ந்திருக்கிற நோயாளியைப் பார்த்தவர்களுக்கு இது சின்ன விஷயமாகத் தெரியாது. வலிப்புக்கு வால்ப்ரோயேட் சாப்பிடுகிறவர்களுக்குச் சிபிடி சேர்ந்தால் ஈரல் பரிசோதனை அளவுகள் எகிறுவதும் தெரிந்ததே.

கிராம்புத் தைலத்துக்கு இந்த விளம்பர வெளிச்சம் இல்லை, இடுக்கி மலையில் விளைந்தாலும். அதில் இருக்கிற யூஜினால்தான் பல் மரத்துப்போகக் காரணம். பல் டாக்டரின் மேஜையிலேயே அது உண்டு. துத்தநாக ஆக்சைடு பொடியோடு குழைத்துத் தற்காலிகமாகக் குழியை அடைக்கிற அந்தக் காரமான பசையின் வாடை வேறொன்றும் இல்லை, யூஜினால் வாடைதான். குவைத்தில் 2006-இல் ஈறில் ஊசி குத்துகிற வலிக்குக் கிராம்புக் களிம்பையும் மரப்பு மருந்தான பென்சோகைனையும் ஒப்பிட்டார்கள். இரண்டும் சமமாக வலியைக் குறைத்தன. கிராம்புத் தைலத்தை அப்படியே ஊற்றினால் ஈறும் கன்னமும் வெந்து வெளுத்துவிடும். தேங்காயெண்ணெயில் சில சொட்டு கலந்து, பஞ்சு நுனியில் தொட்டு, சொத்தைக் குழிக்குள் மட்டும் வைத்து எடுக்க வேண்டும். டாக்டரிடம் போய்ச் சேருகிற வரைக்கும்தான் அது.

கிராம்போ, மாத்திரையோ, சிபிடியோ, வலியைத்தான் அடக்குகின்றன. பல்லின் நடுவே நரம்பும் ரத்தக்குழாயும் உள்ள சதை இருக்கிறது. சொத்தை அதுவரை இறங்கினால் சதை வீங்கும். சுற்றிலும் எலும்பைவிடக் கெட்டியான சுவர், வீங்க இடமில்லை. அழுத்தம் ஏறி நரம்பு அலறுகிறது. படுத்தால் வலி கூடுவது தலைக்கு ரத்தம் கூடுவதால். சில நாளில் நரம்பு செத்துவிடும், வலி தானாக நிற்கும். எண்ணெய் போட்டவர் எண்ணெய்தான் காப்பாற்றியது என்று ஊரெல்லாம் சொல்வார். அதே நேரம் சீழ் வேர் நுனியில் இறங்கிக்கொண்டிருக்கும். அப்பத்தாவின் கீழ்க் கடைவாய்ப் பல்லில் நடந்துகொண்டிருந்தது இதுதான். எக்ஸ்ரேயில் வேர் நுனியில் மிளகு அளவு கறுப்பு நிழல். வேர் சிகிச்சை செய்து பல்லைக் காப்பாற்றியாயிற்று.

பல்வலியோடு கன்னமோ தாடைக்கு அடியிலோ வீங்கினால், காய்ச்சல் அடித்தால், வாயைத் திறக்க முடியாவிட்டால், எச்சில் விழுங்கக் கஷ்டமானால், ராத்திரியாக இருந்தாலும் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டும். கீழே இறங்கினால் தேனி அரசு மருத்துவக் கல்லூரி, அந்தப் பக்கம் கோட்டயம். தாடைக்கு அடியில் பரவுகிற சீழ் மூச்சுக்குழாயை நெருக்கிவிடும்.

சிபிடி, விஜயா, கஞ்சா எதை எடுத்திருந்தாலும் ஊசி போடுவதற்கு முன்னால் பல் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். மரப்பு ஊசியில் லிக்னோகைனோடு 80,000-இல் ஒரு பங்கு அட்ரினலின் கலந்திருக்கும். கஞ்சா இழுத்துவிட்டு வந்தவருக்கு ஏற்கெனவே நெஞ்சு வேகமாக அடிக்கும். அதன் மேலே அட்ரினலின் சேர்ந்தால் படபடப்பு எகிறும். மரப்பும் சரியாகப் பிடிக்காமல் போகலாம். எச்சில் வற்றிச் சொத்தை வேகமாகப் பிடிப்பதும் இவர்களுக்குத்தான். சொல்வதைக் கேட்டுக்கொண்டு போலீஸுக்குப் போன் போடுகிற டாக்டர் யாரும் இல்லை. அவசரமில்லாத வேலையென்றால் மறுநாள் வரச் சொல்லி அனுப்புவோம், அவ்வளவுதான்.